மீன் நுழையாத வீடு

நியேவெஸ் நெத்திலி வாங்க பஸ் ஏறி மலகா டவுன் மார்க்கெட்டுக்குப் போனாள். தெரிந்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவள் குடியிருப்பது மலகாவின் மீனவர் பேட்டையான எல் பாலோவில். அங்கே கடல் தெருக்கோடியில் இருக்கிறது, மீன் வாசலிலேயே கூவிக்கொண்டு போகிறது. ஆனால் எல் பாலோ மார்க்கெட்டில் அவளுடைய நாத்தனார், அவளோடு ஒரே வீட்டில் இருக்கிற திரினி, மீன் ஆய்ந்து கொடுக்கும் வேலையில் இருந்தாள். தவிர, குர்ரோவின் பெண்டாட்டி மீன் வாங்கினாள் என்றால் அவள் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் ஆட்களுக்கு வாய் மட்டும் போதாது, ஜன்னல்களையும் சேர்த்துப் பயன்படுத்துவார்கள்.

டவுன் மார்க்கெட்டில் அவளை யாருக்கும் தெரியாது. கடைக்காரி ஒரு கை நெத்திலியை அள்ளி வெளிச்சத்தில் காட்டினாள். வெள்ளி மாதிரி மின்னியது.

"என்ன ராணி, வறுக்கவா, பச்சையா வினிகர்ல ஊறப்போடவா?"

"வினிகருக்கு."

"அப்போ இந்தப் பெருசை எடுத்துக்கோ. முள்ளு உருவ லேசா இருக்கும். ஊறினப்புறம் ஃப்ரீசர்ல வெக்கணும், மறந்துடாதே. இதுல புழு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வயித்துக்குள்ள போனா குடைஞ்சு எடுத்துடும்."

"தெரியும்."

"தெரியும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு என்னையத் திட்டுறாங்க. வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடிக்குமோ?"

"உயிரு," என்றாள் நியேவெஸ். பொட்டலத்தை வாங்கிப் பையின் அடியில் வைத்து, மேலே கீரைக்கட்டைப் போட்டு மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

குர்ரோ கடலோடு போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. சுருக்குவலைப் படகு, நெத்திலிப் பருவம், திடீரென்று கிளம்பிய கொண்டல் காற்று. படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களை இன்னொரு படகுக்காரர்கள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். குர்ரோவைத் தேடித் தேடி ஊரே கை ஓய்ந்தது. ஹெலிகாப்டர் வந்தது, முக்குளிக்கிறவர்கள் வந்தார்கள், டிவிக்காரர்கள் வந்தார்கள். குர்ரோ வரவில்லை.

அவன் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடல் எடுத்த ஆளைக் கடல் திருப்பித் தரும்வரை அந்தக் கடலின் மீன் வீட்டுக்குள் வரக் கூடாது. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மீன் எதைத் தின்கிறது என்று கொஞ்சம் யோசித்தால் தானே புரியும், புரிந்தால் தட்டைத் தள்ளி வைக்கத் தோன்றும். தெருவில் மற்றக் குடும்பங்கள் இதைக் கடைப்பிடிப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் சிரிப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த வீட்டில் முன்னொரு தரம் ஒருவர் மூழ்கியபோது, ஒரு குளிர்காலம் முழுக்க உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் தின்று பொறுத்திருந்தார்களாம். வசந்தத்தில் உடல் ஒதுங்கியது, அடக்கம் செய்தார்கள், அன்று மாலை அடுப்பில் மீன் ஏறியது. கெடு முடிந்தது. குர்ரோவுக்கு மட்டும் அந்தக் கெடு முடிகிற வழியைக் காணோம்.

நியேவெஸ் மலைக்காரி. ரோந்தா பக்கம், ஆடும் பன்றியும் வளர்க்கிற ஊர். மீன் இல்லாமல் இருப்பது அவளுக்குப் பெரிய காரியமில்லை. அவளுக்கு ஆகாதது, அந்த வீட்டில் சாவும் நடக்காமல் வாழ்வும் நடக்காமல் இருந்ததுதான். அவளுக்குக் குர்ரோவைப் புதைக்க வேண்டும். உடல் இல்லை, பெயரையாவது பூசையில் வாசித்து, மெழுகுவத்தி கொளுத்தி, கறுப்பு உடுத்திக்கொண்டு அழ வேண்டும். அடக்கம் ஆகாத ஆளுக்கு அழவும் முடியாது. அழுதால், ஏன், அவன் வர மாட்டான் என்று முடிவு கட்டிவிட்டாயா என்று ஆகிவிடும். அவளுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டான், அதனால்தான் அவசரப்படுகிறாள் என்று தெருவில் சிலர் கதை கட்டினார்கள். அவர்கள் வாய் புழுத்துப் போக. வேறு ஆளும் இல்லை, ஒரு கத்தரிக்காயும் இல்லை.

மகள் அல்பாவுக்கு ஏழு வயது. அப்பா எங்கே என்று கேட்டவர்களுக்கு, "கடல்ல," என்று சாதாரணமாகப் பதில் சொல்வாள். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஆபீஸில் இருப்பது மாதிரி.

பங்குச் சாமியார் ஹினேஸிடம் நியேவெஸ் போய்க் கேட்டாள். அவர் நெடுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பூசை வெக்கலாம்மா. உடல் இல்லாமலும் வெக்கலாம். ஆனா திரினி ஒத்துக்கணும். தாய் செத்தப்புறம் அவனை இடுப்புல தூக்கி வளர்த்தவ அவ. அவளுக்குத் தெரியாம நான் மணி அடிச்சா, அந்தப் பொம்பளை மனசு என்னாகும்?"

"நான் பேசறேன், ஃபாதர்."

பேசுகிறேன் என்று சொல்வது சுலபம். நியேவெஸ் சில தரம் வாயைத் திறந்து பார்த்தாள். சாயங்காலம் படகுகள் திரும்புகிற நேரத்தில் திரினி ஜன்னலில் போய் நிற்பாள், அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கடைசிப் படகு வரும்வரை நிற்பாள். தம்பியை எதிர்பார்த்து நிற்கிற அந்த முதுகைப் பார்த்து, "அண்ணி, அவர் செத்துட்டாரு" என்று எப்படிச் சொல்வது? நியேவெஸ் எழுந்துபோய்க் குர்ரோவின் கம்பளிச் சட்டையை உதறி மடித்து வைப்பாள். ஞாயிறுதோறும் அதை வெயிலில் போட்டு எடுப்பாள். நாளைக்கே வந்து போட்டுக்கொள்ளப்போகிறவனுடைய சட்டை மாதிரி.

வாயால் சொல்ல முடியாததை மீனால் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றியது. வீட்டில் நெத்திலி ஊறினால் திரினிக்குப் புரிந்துவிடும். கத்துவாள், தட்டைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிவாள், நீ என் தம்பி வீட்டில் இருக்க லாயக்கில்லை என்பாள். எதுவாக இருந்தாலும் பேச்சு வெளியே வந்துவிடும். அதற்கும் குர்ரோ சனிக்கிழமைதோறும் தன் கையால் செய்கிற அந்த வினிகர் நெத்திலிதான் சரி என்று முடிவு செய்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில் அதை வைத்து, பக்கத்தில் ரொட்டியும் ஆலிவ் காயும் ஒரு கிளாஸ் பீரும் வைத்தால் அவனுக்கு ராஜா ஆன நினைப்பு வந்துவிடும்.

அல்பா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். திரினி வர மதியம் கழிந்துவிடும். அதற்குள் ஆய்ந்து, ஊறப் போட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடலாம் என்று நியேவெஸ் கணக்குப் போட்டாள். மலைக்காரி கணக்கு. ஒரு கிலோ நெத்திலியைத் தலை கிள்ளி, குடலோடு இழுத்து, கட்டை விரலால் வயிற்றைப் பிளந்து, முள்ளை உருவி, வால் ஒட்டிக்கொண்டிருக்கும்படி புத்தகம் மாதிரி விரிப்பதற்கு எங்கள் பெண்களுக்கே கை கடுக்கும். அவளுக்குப் பாதி மீன் பிய்ந்து போனது, மீதிப் பாதியில் முள் முறிந்து உள்ளேயே தங்கியது. ஜன்னலைச் சாத்தியிருந்தாள். ஆனாலும் வினிகர் பாட்டிலைத் திறந்ததும் வாசனை கதவிடுக்கு வழியாக மாடிப்படியில் இறங்கி, கீழ்வீட்டுப் பாக்கா அம்மாவின் மூக்கைத் தொட்டுவிட்டது.

"யாரு வீட்டுல நெத்திலி? மேல இருந்துல்ல வருது," என்று பாக்கா அம்மா படிக்கட்டில் நின்று கேட்பது நியேவெஸின் காதில் விழுந்தது. அதற்குப் பதில் யாரும் சொல்லவில்லை. யாரோ படியேறி வருகிற சத்தம் மட்டும் கேட்டது. ரப்பர் பூட்ஸ் சத்தம்.

திரினி சமையலறை வாசலில் வந்து நின்றாள். மார்க்கெட் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. மேஜையைப் பார்த்தாள், தலைகள் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள், நியேவெஸின் விரல்களைப் பார்த்தாள். நியேவெஸ் ஒரு வாரமாக மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த பேச்சு முழுக்கக் காணாமல் போயிற்று. கையில் பிடித்த மீனோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஐஸ் தண்ணி எங்கே?" என்றாள் திரினி.

"என்ன அண்ணி?"

"ரத்தம் போக ஐஸ் தண்ணியில போட்டியா?"

"இல்லை. கழுவினேன்."

"கழுவினா போதுமா? ரத்தத்தோட வினிகர்ல போட்டா கறுத்துக் கிடக்கும். பாக்கறவங்க பூனை கக்கினதுன்னு நினைப்பாங்க." ஏப்ரனைக் கழற்றாமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தப் பெரிய பேசினைக் கொண்டா. இருக்கிற ஐஸெல்லாம் போடு. இதை என்னத்துக்கு இப்படிக் கொலை பண்ணி வெச்சிருக்கே? விரலால உருவணும், நகத்தால இல்லை."

நியேவெஸ் பேசினைக் கொண்டுவந்து வைத்தாள். திரினி ஒரு மீனை எடுத்தாள். அவள் கை அதைப் பிளந்து முள்ளை உருவியது கண்ணுக்கே தெரியவில்லை. ஐஸ் தண்ணீர் மெல்லச் சிவந்தது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மாற்றினாள். மறுபடி சிவந்தது, மறுபடி மாற்றினாள்.

"ஹினேஸ் ஃபாதரைப் போய்ப் பாத்தியாமே," என்றாள் திரினி, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரு சொன்னது?"

"நீ சாமியார் வீட்டுக் கதவைத் தட்டினா பாக்கா அம்மாவுக்குத் தெரியாம இருக்குமா? எனக்கு அன்னைக்கே தெரியும். நீயா சொல்வேன்னு இருந்தேன்."

"சொல்ல வரலை அண்ணி. உங்களைப் பாத்தா வரலை. நீங்க தினம் அந்த ஜன்னல்ல..." நியேவெஸுக்கு அழுகை வந்துவிட்டது. மீன் கையோடு முகத்தைத் துடைத்துக்கொள்ள முடியாமல் முழங்கையால் துடைத்தாள். "என்னைத் திட்டுங்க. எனக்கு இதுக்கு மேல முடியலை. அவருக்கு ஒரு பூசை வெக்கணும். நீங்க காத்திருங்க, நான் வேணாங்கலை. எனக்கு மட்டும் அவர் செத்துட்டாருன்னு இருக்கட்டும்."

திரினி கையிலிருந்த மீனைத் தண்ணீரில் போட்டாள்.

"நான் தின்னுட்டேன்டி," என்றாள்.

"எதை?"

"மீனை. இப்போ இல்லை, அவன் போன அந்தக் குளிர்காலமே. விடியக்காலம் கடையில நல்ல குளிரு. பக்கத்துக் கடை ஹசிந்தோ தகரத்துல மத்தி சுட்டு ரொட்டியில வெச்சுக் குடுத்தான். மனுஷன் மறந்துட்டான் பாவம், எல்லாருக்கும் குடுக்கிறாப்பல எனக்கும் நீட்டிட்டான். வாங்கி ஒரு கடி கடிச்சேன். கடிச்சப்புறம்தான் நினைவே வந்தது. துப்பியிருக்கலாம். துப்பலை. முழுக்கத் தின்னேன், விரலையும் நக்கினேன். அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் தம்பி வருவான்னு எனக்கு உள்ளுக்குள்ள இருந்திருந்தா அந்த மீன் தொண்டையில இறங்கியிருக்காது."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"உன்கிட்டயா? நீ வாரா வாரம் அவன் சட்டையை வெயில்ல போடறே. அதைப் பாத்துட்டு நான் வந்து என்ன சொல்றது?"

"நீங்க பாக்கறீங்கன்னுதான் போட்டேன்," என்றாள் நியேவெஸ். "போடலைன்னா தம்பியை மறந்துட்டாளேன்னு உங்களுக்கு இருக்கும்னு."

திரினி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ ஜன்னல்?" என்றாள் நியேவெஸ்.

"ஜன்னல்ல என்ன இருக்கு? அந்த நேரத்துல உன் கண்ணு கலங்கும். நான் உன்னைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா நீ அழ மாட்டே. அதான் திரும்பி நின்னேன். நின்னு நின்னு கால்ல நரம்பு புடைச்சதுதான் மிச்சம்."

நியேவெஸ் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, மேஜையில் தலையைக் கவிழ்த்து விம்மினாள். திரினி எழுந்து வந்து அவள் தலையில் கை வைக்கப் போனாள். கை முழுக்க மீன் செதில் என்று பார்த்துவிட்டு, மணிக்கட்டால் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளும் அழுதாள். மூன்று வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, ஒருத்திக்காக இன்னொருத்தி என்று, வர மாட்டான் என்று தெரிந்த ஆளை இரண்டு பேரும் எதிர்பார்த்திருக்கிறார்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அன்பு என்றும் சொல்லலாம், கிறுக்கு என்றும் சொல்லலாம்.

தண்ணீர் தெளிந்ததும் திரினி மீனை வடித்து, கண்ணாடித் தட்டில் தோல் கீழே இருக்கும்படி அடுக்கினாள். உப்பைத் தூவினாள். வெள்ளை வினிகரை மீன் மூழ்க ஊற்றினாள். சாயங்காலத்துக்குள் சதை வெளுத்து இறுகிவிட்டது. வடித்து, டப்பாவில் போட்டு, ஃப்ரீசரில் அல்பாவின் ஐஸ்கிரீமுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

"அப்படியே கிடக்கட்டும். சனிக்கிழமை எடுக்கலாம். ஞாயித்துக்கிழமை பூசையை வெச்சுக்கலாம்னு ஃபாதர்கிட்ட நானே சொல்லிக்கறேன்," என்றாள். "அதுக்கு முன்னாடி பிள்ளைகிட்டச் சொல்லணும்."

"சொல்லணும்."

"நீ சொல்லு. பெத்தவ நீ."

"அத்தைன்னா அவளுக்கு உயிரு. நீங்க சொன்னா கேட்டுக்குவா."

"எனக்கு வராதும்மா. மீனை எத்தனை வேணும்னாலும் வெட்டுவேன். இது வராது."

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தள்ளிப் போட்டார்கள். காலையில் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் எப்படிச் சொல்வது. மாலையில் பசியோடு வருகிற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது. படுக்கப் போகும்போது சொன்னால் தூங்குவாளா. கடைசியில் சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில், மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது சொல்லிவிடுவது என்று பேசி வைத்தார்கள். யார் ஆரம்பிப்பது என்று மட்டும் பேசி வைக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. உருகிய மீனைத் திரினி தட்டில் நட்சத்திரம் மாதிரி அடுக்கினாள். நியேவெஸ் பூண்டைச் சன்னமாக அரிந்து தூவி, பார்ஸ்லித் தழையை நறுக்கிப் போட்டு, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள். ரொட்டி, ஆலிவ் காய், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் எடுத்து வைத்தாள். மீன் பளீரென்று வெளுத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரினி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு பேரும் கறுப்பு உடுத்தியிருந்தார்கள். மறுநாள் பூசைக்கு என்று எடுத்து வைத்ததை முதல் நாளே உடுத்திக்கொண்டார்கள். அதைப் பார்த்தாவது பிள்ளை ஏதாவது கேட்பாள், கேட்டால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பேசலாம் என்று நியேவெஸ் நினைத்திருந்தாள்.

கடற்கரையில் விளையாடிவிட்டு அல்பா கால் நிறைய மணலோடு வந்தாள். மேஜையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். கறுப்பு உடுப்பை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. தட்டையே பார்த்தாள்.

"அது மீனா?" என்றாள்.

"ஆமாம்மா," என்றாள் நியேவெஸ். "கை கழுவிட்டு வா. உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

அல்பா கை கழுவப் போகவில்லை. அறைக்குள் ஓடினாள். அலமாரி திறக்கிற சத்தமும் ஏதோ விழுகிற சத்தமும் கேட்டன. திரும்பி வந்தபோது திருவிழாவுக்கு எடுத்த புள்ளிப்பாவாடையை உடுத்தியிருந்தாள், பின்னால் பித்தான் போடாமல். தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தாள். ஜன்னலோரம் கிடந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மேஜையருகே போட்டாள். அலமாரியிலிருந்து ஒரு தட்டும் முள்கரண்டியும் எடுத்து வைத்தாள்.

"யாருக்கும்மா இது?" என்று கேட்டாள் திரினி.

"அப்பாவுக்கு. எப்போ வந்தாரு? பாத்ரூம்ல இருக்காரா?"

நியேவெஸ் அந்தக் காலித் தட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

"அத்தை, நீங்கதானே சொன்னீங்க," என்றாள் அல்பா. சந்தோஷத்தில் அவளால் நிற்க முடியவில்லை, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தாள். "பீச்சுல குச்சியில மத்தி சுடும்போது எனக்கு வேணும்னு அழுதேன்ல. அப்பா வந்ததும் நம்ம வீட்டுல மீன் பண்ணுவோம், அப்போ தின்னலாம்னு சொன்னீங்கல்ல."

திரினியின் முகத்தில் ரத்தமே இல்லை. சின்னப் பிள்ளை அடம் பிடித்தபோது சமாளிக்கச் சொன்ன வார்த்தை. சொன்னவளுக்கு மறந்துபோயிருந்தது. கேட்டவள் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். திரினி எழுந்து ஜன்னல் பக்கம் போகப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். நியேவெஸ் அவளைப் பார்த்தாள். இனிமேல் திரினியிடமிருந்து ஒரு வார்த்தை வராது என்று தெரிந்துகொண்டாள். மீனை வைத்துச் சொல்லிவிடலாம் என்று கிளம்பிய தன் புத்தியை நினைத்து அவளுக்குக் கூசியது. மீன் இந்தப் பிள்ளையிடம் போய் நேர்மாறான சேதியைச் சொல்லிவிட்டதே.

"அல்பா, இங்க வா."

"அப்பா எங்கம்மா?"

"அப்பா வரலைம்மா. வர மாட்டாரு." நியேவெஸ் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மணல் நறநறவென்றது. "அப்பா செத்துட்டாரு. அன்னைக்குப் படகு கவுந்தப்பவே செத்துட்டாரு. காத்து ரொம்பப் பெருசா இருந்தது. எல்லாரும் தேடினாங்க, கிடைக்கலை. அவர் இனிமே இந்த வீட்டுக்கு வர மாட்டாரு. நாங்க உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். பயந்துட்டோம்."

அல்பா கையை உருவிக்கொண்டாள்.

"அப்போ ஏன் மீன்?"

"இனிமே காத்திருக்க வேண்டாம்கறதுக்காக."

அல்பா அம்மாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். அத்தை பொய் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு அமைதியாக, "பாக்கா பாட்டிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"அவங்க தினம் கேப்பாங்க. அப்பா வந்தாரான்னு. நான் இன்னும் இல்லைன்னு சொல்வேன். மூணாம் மாடி ரோசியோ அக்காவும் கேப்பாங்க. அவங்களுக்கெல்லாம் சொல்லணும்ல."

அவளைப் பிடித்து நிறுத்த இரண்டு பேருக்கும் கை எழவில்லை. அல்பா கதவைத் திறந்துகொண்டு போனாள். பித்தான் போடாத பாவாடை படியில் சரசரத்தது. மேல் மாடியில் கதவு தட்டப்பட்டது. திறக்கிற சத்தம் கேட்டது.

"எங்க அப்பா செத்துட்டாரு. இனிமே காத்திருக்க வேண்டாம்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. மறுபடி கால்சத்தம், தங்கள் வாசலைத் தாண்டிக் கீழே இறங்குகிற சத்தம். அடுத்த கதவு. அதே வார்த்தைகள், அதே குரல். பால் வாங்கி வரச் சொன்னால் கடையில் கேட்பாளே, அந்தக் குரல். நியேவெஸ் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு கதவிலும் அவள் புருஷன் ஒரு தரம் செத்தான். கீழ்வீட்டில் பாக்கா அம்மா, "ஐயோ என் கண்ணே," என்று பெருங்குரலில் அழுதது படிக்கட்டு முழுக்கக் கேட்டது. மூன்று வருஷமாக அந்தக் கட்டடம் அடக்கி வைத்திருந்த அழுகை அது.

அல்பா திரும்பி வந்தாள். தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"பாக்கா பாட்டி அழறாங்க," என்றாள். "எல்லாரும் மேல வர்றாங்களாம். நீங்க மொதல்ல சாப்பிடணுமாம்."

இரண்டு பெண்களும் தட்டில் கை வைக்கவில்லை. அல்பா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு தானே முள்கரண்டியால் ஒரு நெத்திலியைக் குத்தினாள். எண்ணெய் சொட்டச் சொட்ட வாயில் போட்டுக்கொண்டாள். முகம் சுளித்தது.

"புளிக்குது," என்றாள்.

மெல்ல மெல்ல அவள் வாய் கோணியது. விழுங்க முடியாமல், துப்பவும் மனமில்லாமல், கன்னத்தில் மீனை ஒதுக்கிக்கொண்டு அல்பா தன் அப்பாவுக்காக முதல் தரம் அழுதாள். நியேவெஸ் அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு, வெளியே படியில் ஆட்கள் வருகிற சத்தத்தைப் பொருட்படுத்தாமல், வாய்விட்டு அழுதாள்.